விடக் கற்பித்தல்: செவிலியருக்கான ஓ.இ.டி. தேர்வுப் பயிற்சி பற்றிய ஆய்வு

1. ஆய்வின் எல்லை

ஆக்குபேஷனல் இங்கிலீஷ் டெஸ்ட், சுருக்கமாக ஓ.இ.டி., 1980களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் உருவானது. அயல்நாட்டில் படித்துவிட்டு அங்கே வேலைக்கு வந்த மருத்துவப் பணியாளர்களின் ஆங்கிலத்தை அளப்பது அதன் நோக்கம். மெல்பர்ன் பல்கலைக்கழக மொழியியலாளர் டிம் மெக்னமாராவுக்கு அதன் வடிவமைப்பில் பெரும்பங்கு உண்டு. இன்று 12 தொழில்களுக்கு இத்தேர்வு நடக்கிறது. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா என்று கிளம்பும் தமிழ்நாட்டுச் செவிலியர்கள் ஐஈஎல்டிஎஸ் அல்லது ஓ.இ.டி. இரண்டில் ஒன்றை எழுதுகிறார்கள்.

வார்டில் பல ஆண்டு வேலை பார்த்தவர்களை ஓ.இ.டி.க்குத் தயார் செய்வதில் உள்ள சிக்கல் மட்டுமே இங்கு ஆராயப்படுகிறது. இவர்களுக்கு ஆங்கிலம் தெரியாமலில்லை. நர்சிங் படித்ததும் கேஸ் ஷீட் எழுதியதும் ஆங்கிலத்தில்தான். அனுபவத்தில் ஊறிய பழக்கங்களே தேர்வு அறையில் எதிர்நிற்கின்றன என்பது என் வாதம்.

2. தேர்வின் அமைப்பு

கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு தாள்கள். ஒவ்வொன்றுக்கும் 500 வரை மதிப்பெண். 350 எடுத்தால் பி தரம், 300 எடுத்தால் சி பிளஸ். பிரிட்டனின் செவிலியர் பதிவு மன்றம் மூன்று தாள்களில் பி தரமும் எழுதுதலில் சி பிளஸும் கேட்கிறது. எழுதுதலுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்பதைக் அந்தத் தாளில் எழுத வேண்டிய கடிதத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

3. கடிதம்

3.1 குறிப்பேட்டுப் பழக்கம்

எழுதுதல் தாளுக்கு 45 நிமிடம். நோயாளி பற்றிய குறிப்புகளைத் தருவார்கள். முதல் 5 நிமிடம் படிக்க மட்டும். பேனாவைத் தொடக் கூடாது. மீதி 40 நிமிடத்தில் இன்னொரு மருத்துவப் பணியாளருக்கு ஏறத்தாழ 180 முதல் 200 சொல்லில் கடிதம் எழுத வேண்டும். கொடுத்த குறிப்புகள் அத்தனையும் அந்த அளவுக்குள் அடங்காது, அடங்கவும் கூடாது.

இங்கேதான் அனுபவசாலி சறுக்குகிறார். எழுதாதது செய்யாததற்குச் சமம் என்பது வார்டில் சேர்ந்த முதல் வாரத்திலேயே காதில் ஏறிய பாடம். வெப்பநிலை, நாடித்துடிப்பு, எத்தனை மணிக்கு எந்த ஊசி என்று ஒன்று விடாமல் பதிவதுதான் நல்ல நர்சுக்கு அழகு. அதே கை கடிதத்திலும் எல்லாவற்றையும் கொட்டுகிறது. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத கடிதமும் இப்படித் தோற்கலாம்.

மதிப்பிடும் முறையிலேயே இது தெரிகிறது. நோக்கம், உள்ளடக்கம், சுருக்கமும் தெளிவும், நடை, ஒழுங்கமைப்பு, மொழி என ஆறு அளவைகள். நோக்கத்துக்கு 3 புள்ளி, மற்ற ஐந்துக்கும் தலா 7. பயிற்சி நேரம் முழுவதையும் விழுங்கும் இலக்கணம் அந்த ஆறில் ஒன்றான மொழிக்குள் ஒரு பகுதி.

3.2 யாருக்கு எழுதுகிறோம்

68 வயதுப் பெண்மணி ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீரிழிவு உண்டு, தனியே வசிக்கிறார், சிறு வயதில் குடல்வால் அறுவை நடந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து கட்டு மாற்றப்போகும் செவிலியருக்கு என்றால் காயத்தின் நிலை, வாக்கர் பிடித்து நடப்பது, துணைக்கு ஆளில்லாதது ஆகியவை முதலில் வர வேண்டும். உணவியல் நிபுணருக்கு என்றால் சர்க்கரை அளவும் சாப்பாட்டு முறையும் முன்னே வரும். காயம் ஒரு வரியில் முடியும். குடல்வாலுக்கு இரண்டிலும் இடமில்லை.

ஒரே குறிப்பை வைத்து இரண்டு பேருக்கு இரண்டு கடிதம் எழுத வைப்பதைவிடப் பயனுள்ள பயிற்சியை நான் கண்டதில்லை. எழுதும் முன் ஒவ்வொரு குறிப்பையும் ஏன் விடுகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வைக்க வேண்டும். முதலில் மனம் ஒப்பாது. “எப்படிங்க விடுறது, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கேஸ் ஷீட் பதிவு, கடிதம் கோரிக்கை என்ற வேறுபாட்டை அந்த இடத்தில்தான் விளக்க முடியும்.

பல கோச்சிங் சென்டர்களில் கிடைக்கும் மனப்பாடக் கடிதம் இந்தச் சிந்தனையையே மழுங்கடிக்கிறது. அதன் தொடக்க வரி எந்த நோயாளிக்கும் பொருந்தும். அதனாலேயே எவருக்கும் பொருந்தாது.

4. பேச்சில் மரியாதை

பேசுதல் தாளில் இரண்டு நடிப்புக் காட்சிகள், ஒவ்வொன்றும் சுமார் 5 நிமிடம். தேர்வர் செவிலியராகவே பேசுவார். எதிரே இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். மொழித்திறனுக்கு 4 அளவைகள், நோயாளியோடு உறவாடும் திறனுக்கு 5.

தமிழில் மரியாதை வினைமுற்றின் வாலில் இருக்கிறது. ‘உட்காருங்க’, ‘கையை நீட்டுங்க’ என்பவை ஏவல்களே ஆனாலும் அந்த ‘ங்க’ அவற்றைப் பணிவாக்கிவிடுகிறது. ஆங்கிலத்துக்குப் போகையில் வால் அறுந்து ‘சிட் டவுன்’ மட்டும் மிஞ்சுகிறது. ‘ப்ளீஸ்’ சேர்த்தால் கட்டளையின் கூர் சற்று மழுங்கும், அவ்வளவுதான். ‘வுட் யூ லைக் டு’ என்று கேள்வியாகத் திருப்பும்போதுதான் நம் ‘ங்க’வுக்கு ஈடு கிடைக்கிறது. ‘மாத்திரை போடணும்’ என்பது ‘யூ மஸ்ட்’ ஆவதும் இதே வகை.

இதைவிட நுட்பமானது ஆறுதல். ‘ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க’ என்பதில் நம் காதுக்குக் கனிவு கேட்கிறது. ஆங்கிலக் காட்சியில் அது நோயாளியின் அச்சத்தை விசாரிக்காமல் கதவடைப்பதாகிவிடும். எதை நினைத்துக் கவலை என்று முதலில் கேட்க வேண்டும். நோயாளியின் பார்வையைப் புரிந்துகொள்வதற்குத் தனி அளவையே இருக்கிறது.

5. உறைந்த பிழைகள்

லாரி செலிங்கர் 1972இல் ‘இடைமொழி’ என்ற கருத்தை முன்வைத்தபோது, சில பிழைகள் எத்தனை திருத்தினாலும் உறைந்து நிற்பதையும் சுட்டினார். தமிழர் வாயில் உறைந்த ஒன்று: ‘நேற்று காய்ச்சல் வந்திருக்கிறது’. தமிழில் பிழையில்லை. ‘ஹேஸ் ஹேட் ஃபீவர் எஸ்டர்டே’ என்றால் பிழை. கடந்த நாளைக் குறித்துவிட்டால் ‘ஹேஸ்’ நிற்காது. விதி எல்லோருக்கும் தெரியும். விதியை மீண்டும் நடத்தாமல், அவரவர் கடிதத்தில் தேதி வரும் இடங்களை மட்டும் வட்டமிட வைத்தால் கண் பழகுகிறது.

6. நேரம்

கேட்டல் தாளில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். ஆகவே வீட்டில் நிறுத்தி நிறுத்திக் கேட்பது ஏமாற்றுப் பயிற்சி. பஸ்ஸில், இரைச்சலில், ஒருமுறை கேட்டுவிட்டு விடுவதே மேல். நைட் டூட்டி முடிந்த காலையில் கடிதம் எழுத வைப்பது வீண். அந்த 45 நிமிடத்துக்கு வார ஓய்வு நாளின் காலையை ஒதுக்க வேண்டும், அதிலும் முதல் 5 நிமிடம் பேனாவை அடுத்த அறையில் வைத்துவிட்டு.