ஓய்வில்லாத் தீவு

அரைக்கால் அங்குலம். எண்டெவர் கப்பலின் அடிப்பலகையில் சில இடங்களில் மிஞ்சியிருந்த கனம் அவ்வளவுதான். அதற்கு வெளியே கடல். உள்ளே கேப்டன் ஜேம்ஸ் குக்கும் அவருடைய ஆட்களும்.

1770 நவம்பரில், பத்தேவியாவை (இன்றைய ஜகார்த்தா) ஒட்டிய ஒன்ரஸ்ட் (டச்சு மொழியில் ‘ஓய்வின்மை’) தீவில் கப்பலைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது. கடற்புழுக்கள் உள்சட்டம்வரை துளைத்திருந்தன. இந்த நிலையில் எப்படி மிதந்து வந்தது என்று பார்த்தவர்கள் எல்லாரும் வியந்தார்கள்.

ஜூன் மாதம் ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் கப்பல் மோதியதையும், ஜொனாதன் மங்க்ஹவுஸ் என்ற இளைஞர் நாரும் கம்பளியும் தைத்த பாய்த்துணியை அடியில் இழுத்துக் கட்டி அதைக் காப்பாற்றியதையும் சென்ற வாரம் பார்த்தோம். பிறகு ஆற்றங்கரையில் ஏழு வாரம் செய்த வேலை வெறும் ஒட்டு. இங்கிலாந்து போய்ச் சேர, நல்ல பட்டறையும் தேர்ந்த தச்சர்களும் வேண்டும். இரண்டும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒன்ரஸ்டில் இருந்தன. செலவுக்குப் பணமும் கம்பெனியிடமே கிடைத்தது.

அக்டோபர் 23 அன்று குக் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். பயணம் முழுவதும் நோய்க்கு ஓராளைக்கூட இழக்கவில்லை என்ற நிறைவை அதில் பதிவு செய்தார். நீண்ட கடற்பயணத்தில் ஸ்கர்வி பாதிப்பேரை விழுங்கிய காலம் அது. புளிக்கவைத்த முட்டைக்கோஸையும் கிடைத்த கீரைகளையும் விடாமல் தின்னவைத்து ஆட்களைக் காத்தவர் அவர். அந்தப் பெருமைக்கு அவர் முழுத் தகுதியானவர்.

கடிதம் எழுதிய மை காய்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கப்பலின் மருத்துவர் இறந்தார். வில்லியம் மங்க்ஹவுஸ், ஜொனாதனின் அண்ணன். பத்தேவியாவின் தேங்கிய கால்வாய்கள் கொசுக்களின் தொட்டில். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் ஒவ்வொருவராக வீழ்த்தின. ஒரு கட்டத்தில் வேலைக்கு எழுந்து நிற்கப் பத்திருபது பேர்கூடத் தேறவில்லை. ஒருமுறையும் படுக்காதவர் எழுபதைத் தாண்டிய பாய் தைக்கும் கிழவர் ஜான் ரேவன்ஹில் ஒருவரே. அவரோ நாள் தவறாமல் குடிப்பவர்!

என் மனம் ஆறாதது துபையாவுக்காக. தாஹிட்டியில் ஏறிய பூசாரி, கடல்வழி அறிந்த பேரறிஞர். அவரோடு தயேட்டோ என்ற சிறுவன். பத்தேவியாவின் வீதிகளையும் வண்டிகளையும் கண்டு அந்தப் பிள்ளை துள்ளிக் குதித்தான். சில வாரங்களில் அவனே காய்ச்சலில் கிடந்தான். கடற்காற்று வேண்டுமென்று துபையா கேட்க, தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் தீவொன்றில் அவருக்குக் கூடாரம் போட்டுக் கொடுத்தார். சிறுவன் முதலில் போனான். அவன் பெயரைச் சொல்லிக் கதறிய துபையாவும் சில நாட்களில் கண்மூடினார்.

டச்சுத் தச்சர்கள் கப்பலைப் புதிதாக்கிவிட்டார்கள். அவர்களின் கைத்திறனை குக் மனமாரப் புகழ்ந்தார். டிசம்பர் 26 அன்று எண்டெவர் நங்கூரம் தூக்கியது. ஏழு பேர் பத்தேவியாவில் மண்ணாகியிருந்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் நோயாளிகளாகக் கப்பலில் கிடந்தார்கள். மருத்துவரின் தம்பி ஜொனாதனும் அந்தக் கப்பலில்தான் இருந்தார்.

ஜனவரி தொடக்கத்தில், குடிநீர் நிரப்புவதற்காகச் சுந்தா நீரிணையில் ஒரு தீவின் அருகே குக் கப்பலை நிறுத்தினார். நோய் கப்பலை விட்டு இறங்கவில்லை. அங்கிருந்து நன்னம்பிக்கை முனைவரை, 23 உடல்கள் கடலில் இறக்கப்பட்டன.

(தொடரும்)