பழைய பின் ஆக்சிலைப் புதுப்பித்து மாற்றுதல்: வண்டி வைத்திருப்போர் அறிய வேண்டியவை

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் பழைய ‘லேண்ட் ரோவர்’ வண்டிகள் இன்றும் சுமை ஏற்றி ஓடுகின்றன. சிங்கப்பூரில் அவற்றின் எண்ணிக்கை குறைவு. இருந்தாலும், அந்த வண்டியையோ ‘சுசுகி ஜிம்னி’ போன்ற சிறிய நாற்சக்கர இயக்க வண்டியையோ ஆசையாய்ப் பராமரித்து, விடுமுறையில் பாலத்தைத் தாண்டி மலேசியக் காட்டுப் பாதைகளுக்கு ஓட்டிச் செல்வோர் இங்கும் உண்டு.

இத்தகைய வண்டிகளில் அதிகம் அடிபடும் பாகங்களுள் ஒன்று பின் ஆக்சில். புதியது கிடைப்பது அரிது; கிடைத்தாலும் விலை அதிகம். அதனால் பலர் பழைய ஆக்சில் ஒன்றை வாங்கிப் புதுப்பித்து மாட்டுகின்றனர். முறையாகச் செய்தால் அது பல ஆண்டுகள் உழைக்கும். தவறினால் பிரேக் போகலாம், கியர்பெட்டி உடையலாம், சில வண்டிகளில் சக்கரமே கழன்று விழலாம்.

செலவுக்கு முன் கணக்கு

சிங்கப்பூரில் காரின் வாகன உரிமைச் சான்றிதழ் (சிஓஇ) 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு நடப்புச் சராசரிக் கட்டணத்தைச் செலுத்தி 5 அல்லது 10 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். 5 ஆண்டுக்குப் புதுப்பித்த காரை மீண்டும் புதுப்பிக்க முடியாது. 10 ஆண்டைத் தாண்டிய காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் கூடி, 50 விழுக்காடு வரை உயரும். ஆண்டுதோறும் வாகனப் பரிசோதனையும் கட்டாயம். எனவே, வண்டிக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆயுள் இருக்கிறது என்று பார்த்த பிறகே ஆக்சிலுக்குச் செலவிட வேண்டும்.

வாகன மாற்றங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் மூன்றாகப் பிரித்திருக்கிறது: அனுமதி தேவைப்படாதவை, அனுமதி பெறவேண்டியவை, அறவே கூடாதவை. பழுதான ஆக்சிலுக்குப் பதிலாக அதே வகை ஆக்சிலைப் பொருத்துவது பழுதுபார்ப்பு. வேறு அளவு, வேறு பல்விகிதம், டிரம் பிரேக்குக்குப் பதில் டிஸ்க் பிரேக் என்று மாறும்போது அது வண்டியின் மூல அமைப்பையே மாற்றுவதாகிவிடும். அப்படியானால் வேலையைத் தொடங்கும் முன்பே ஆணையத்திடம் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

எங்கே வாங்குவது?

லிட்டில் இந்தியாவை ஒட்டிய சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியுடன் மூடப்பட்டது. அங்கே தரையில் விரித்த துணிமீது இரும்புச் சாமான்களைக் கிளறிப் பேரம் பேசிய காலம் போய்விட்டது. இப்போது பழைய உதிரிபாகம் தேடுவோர் சின் மிங், காக்கி புக்கிட், ஊபி போன்ற பட்டறை வட்டாரங்களையே நாடவேண்டும். மலேசியாவிலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ வரவழைப்பவர்கள், கப்பல் கட்டணத்துடன் 9 விழுக்காடு பொருள், சேவை வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எங்கே வாங்கினாலும் ரசீது இல்லாமல் வாங்கக்கூடாது.

பல்விகிதம் பொருந்த வேண்டும்

பழைய ஆக்சில் வாங்குவோர் பெரும்பாலும் ஏமாறுவது பல்விகிதத்தில்தான். கிரவுன் சக்கரத்தின் பல் எண்ணிக்கையைப் பினியனின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே அந்த விகிதம். பழைய ‘சீரிஸ்’ வகை லேண்ட் ரோவரில் அது 4.7, 1983ல் வெளிவந்த ‘ஒன் டென்’னிலும் பின்னர் ‘டிஃபெண்டர்’ என்று பெயர்பெற்ற வண்டிகளிலும் 3.54.

முன் ஆக்சில் 4.7 ஆக இருக்க, பின்னால் 3.54 மாட்டினால், சீரிஸ் வண்டி பின்சக்கர இயக்கத்தில் குறையின்றி ஓடுவதுபோல் தோன்றும். நாற்சக்கர இயக்கத்துக்கு மாற்றியதும் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். ஷாஃப்டோ பல்சக்கரமோ உடையும் வரை அந்த இழுபறி நிற்காது. இரண்டு ஆக்சிலையும் சேர்த்து 3.54க்கு மாற்றினால் இந்தச் சிக்கல் வராது. ஆனால், வேகமானியைத் திருத்தாவிட்டால் அது 60 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 80ல் ஓடிக்கொண்டிருக்கும்.

விற்பவர் சொல்லை நம்பாமல் விகிதத்தை நேரடியாகவே சோதிக்கலாம். ஆக்சிலைத் தாங்கிமீது வைத்து, ஒரு பக்க ஹப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்க ஹப்பைச் சரியாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அதற்குள் பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். ஐந்துக்குச் சற்றுக் குறைவாக வந்தால் 4.7, மூன்றரைக்குச் சற்று மேல் வந்தால் 3.54.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்க்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மினுமினுப்பு அதிகமாக இருந்தால் உள்ளே இரும்பு தேய்கிறது. எண்ணெயே இல்லாத ஆக்சிலைத் திறந்து பார்க்காமல் வாங்கக்கூடாது.

இரண்டாவதாக, பக்க ஷாஃப்டுகளை உருவிப் பார்க்க வேண்டும். முனையிலுள்ள வரிப்பற்கள் நேராக இல்லாமல் முறுக்கிக்கொண்டு தெரிந்தால், அந்த ஷாஃப்ட் அளவுக்கு மீறிய சுமையைக் கண்டிருக்கிறது. அதைப் பயன்படுத்தக்கூடாது. பழைய லேண்ட் ரோவர் ஷாஃப்டில் 10 வரிப்பற்களும் பிந்தையவற்றில் 24 வரிப்பற்களும் உண்டு. ஒன்று மற்றொன்றுக்குள் பொருந்தாது.

மூன்றாவதாக, கூட்டில் வெல்டிங் தழும்பு, விரிசல், வளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளைந்த கூடு எத்தனை புதிய பேரிங் போட்டாலும் அவற்றைத் தின்றுவிடும்.

புதுப்பிக்கும் முறை

அழுக்கையும் துருவையும் நீக்கிய பிறகு எல்லா ஆயில் சீல்களையும் மாற்ற வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கும் சீலும் பல ஆண்டு கிடந்ததில் இறுகிப்போயிருக்கும். சீல் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் அந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதிய சீலும் சில வாரங்களில் கசியும்.

கிரவுன் சக்கரமும் பினியனும் ஆலையிலேயே இணையாகச் சேர்த்துத் தேய்க்கப்பட்டவை. ஒன்றை மட்டும் வேறு ஆக்சிலிலிருந்து எடுத்துப் போடக்கூடாது. மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பற்களுக்கு இடையிலான இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளந்து, பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கான கருவியும் கைப்பழக்கமும் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையையாவது அனுபவமுள்ள பட்டறையிடம் விடுவது நல்லது.

ஆக்சில் கூட்டின்மேல் ‘பிரீதர்’ என்ற சிறிய காற்றுத்துளை உண்டு. அது அடைபட்டிருந்தால், ஓட்டத்தில் சூடாகி விரியும் காற்று சீல் வழியே எண்ணெயை வெளியே தள்ளும். அந்த எண்ணெய் நேராகப் பிரேக் ஷூவில் போய்ச் சேரும். ஊறிய ஷூவைத் துடைத்து மாட்டிப் பயனில்லை, மாற்றவே வேண்டும். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் கலந்திருக்கலாம் என்பதால் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

மாற்றும்போது வரும் ஆபத்து

லேண்ட் ரோவரின் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. கியர்பெட்டிக்குப் பின்னால், பின்பக்க ப்ராப்பலர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. அந்த ஷாஃப்டைக் கழற்றிய கணமே கைப்பிரேக்குக்கும் பின் சக்கரங்களுக்கும் தொடர்பு அறுந்துவிடும். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினாலும் வண்டி உருளக்கூடும். கைப்பிரேக் போட்டாயிற்று என்று நம்பி அடியில் படுப்பது உயிருக்கே ஆபத்து. முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, சேசிஸின் இரு பக்கமும் உறுதியான தாங்கி கொடுத்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று.

வண்டிக்கு வண்டி அமைப்பும் வேறுபடும். லேண்ட் ரோவரில் வண்டியின் எடையை ஹப்பும் கூடும் தாங்குவதால், பக்க ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் இடத்திலேயே இருக்கும். ஜிம்னியில் ஷாஃப்டே எடையையும் தாங்குகிறது. அங்கே ஷாஃப்ட் பேரிங் விட்டுப்போனால் ஷாஃப்டோடு சக்கரமும் வெளியே வந்துவிடலாம். ஆகவே, ஜிம்னி ஆக்சிலில் பேரிங்கையும் அதைப் பிடிக்கும் வளையத்தையும் புதிதாகவே போட வேண்டும்.

புதிய ஆக்சிலை மாட்டியதும் யூ போல்ட்டுகளைச் சீராக இறுக்கி, பிரேக் குழாயில் காற்றெடுத்து, எண்ணெய் நிரப்ப வேண்டும். சாதாரண லேண்ட் ரோவர் பின் ஆக்சிலுக்குச் சுமார் 1.7 லிட்டர் பிடிக்கும். ஆக்சிலை மாட்டிவிட்டு எண்ணெய் ஊற்ற மறந்ததால் எரிந்துபோன டிஃபரன்ஷியல்கள் உண்டு.

ஓட்டிப் பார்த்த பிறகு

முதலில் மெதுவாகச் சில கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, ஹப்புகளுக்கு அருகே கையைக் கொண்டுசென்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அதிகம் சூடாக இருந்தால் பேரிங் இறுக்கம் கூடுதல், அல்லது பிரேக் உரசுகிறது. வேகம் கூட்டும்போது மட்டும் ஊளைச் சத்தம் வந்தால் பல் இடைவெளியை மீண்டும் பார்க்க வேண்டும். சுமார் 100 கிலோமீட்டருக்குப் பிறகு யூ போல்ட், சக்கர நட்டு ஆகியவற்றை மறுபடி இறுக்கி, எண்ணெய் அளவையும் கசிவையும் சோதிக்க வேண்டும்.

இந்த வேலைக்கு வீவக கார் நிறுத்துமிடம் இடமன்று. வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றுவதும் குற்றம். கழிவெண்ணெய் எடுக்க உரிமம் பெற்ற நிறுவனத்திடம் சேர்க்கும் பட்டறையில் செய்வதே முறை. பட்டறைக்காரரிடம் கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் நல்ல வழக்கம். எது தேய்ந்தது, எது மாற்றப்பட்டது என்பதை வண்டிக்காரர் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.