பௌடன் கேபிள்

பைக் மெக்கானிக்கிடம் இந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார். அவருக்கு இது கிளட்ச் கேபிள், பிரேக் கேபிள், அவ்வளவுதான். பெயர் வந்தது எர்னஸ்ட் மோனிங்டன் பௌடனிடமிருந்து. இந்தக் கேபிளுக்கு 1896-இல் பிரிட்டிஷ் காப்புரிமை பெற்றவர். ராலே சைக்கிள் நிறுவனத்தின் ஃபிராங்க் பௌடன் வேறு ஆள். இருவரையும் குழப்பிக்கொள்வோர் இன்றும் உண்டு.

கேபிளின் உள்ளே கம்பி இழுபடும்போது வெளிச்சுருள் உறை அழுத்தத்தைத் தாங்குகிறது. உறை இல்லையேல் வளைந்த பாதையில் கம்பி நேராகிவிடும்.

ஆனால் பௌடன் கேபிளுக்கு இழுக்கத்தான் தெரியும். திரும்பிவர ஸ்பிரிங் வேண்டும். கார் கியருக்கும் படகு த்ராட்டிலுக்கும் தள்ளவும் வேண்டுமே! அதற்குத் தடித்த உள்கம்பியும், நீளவாட்டில் கம்பிகள் அடுக்கிய உறையும் தேவை.

இத்தகைய கேபிள்களைச் செய்யச்சொல்லி ஆர்டர் தருபவர்கள் பெரும்பாலும் நீளத்தை மட்டும் சொல்கிறார்கள். விசை, நகரும் தூரம், வளைவுகளின் மொத்தக் கோணம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோணம் கூடக்கூட உராய்வும் ஏறும்.