அரை மதிப்பெண் கவலையின் கதை

மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டு 1950-இல் சென்னை உயர் நீதிமன்றப் படியேறிய செண்பகம் துரைராஜன், கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. விசாரித்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததும் நேரே வழக்குக்குப் போய்விட்டார். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது. அதே பிரச்சினையோடு வந்த சீனிவாசன் கிண்டி பொறியியல் கல்லூரிக்கு முறைப்படி விண்ணப்பித்தவர்.

அன்றைய வகுப்புவாரி அரசாணைப்படி, ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள், பிராமணர், ஹரிஜனங்கள் ஆகியோருக்குத் தலா 2, கிறிஸ்தவர்களுக்கும் ஆங்கிலோ-இந்தியர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. சென்னை மாநிலம் முழுக்க மருத்துவத்துக்கு இருந்தவையே 330 இடங்கள், பொறியியலுக்கு 395. வாசலே திறக்காமல் கிடந்த சமூகங்களுக்கு அந்த ஆணைதான் வழிவிட்டது. அது செல்லாது என்று தீர்ப்பு வந்ததும் தமிழகம் கொதித்தது. அதே ஆண்டில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, இடஒதுக்கீட்டுக்கு 15(4) என்ற பிரிவைத் தந்தது.

அடுத்து வந்தது நேர்முகத் தேர்வுக் காலம். 1970-71 மருத்துவச் சேர்க்கையில் மொத்தம் 275 மதிப்பெண்; அதில் 75 நேர்முகத்துக்கு. விளையாட்டு, என்.சி.சி., பொது அறிவுத்திறன், நாட்டம் என்றெல்லாம் தலைப்புகள் வகுத்திருந்தார்கள். குழுவினரோ தலைப்புவாரியாகப் போடாமல் மொத்தமாக ஒரு மதிப்பெண் போட்டதை 1970-இல் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் குறை சொன்னது. பரீட்சையில் விட்டது எவ்வளவு என்று மாணவனுக்குத் தெரியும். அறைக்குள் என்ன உளறினோம், பக்கத்து ஊர்ப் பையனுக்கு யார் சிபாரிசு என்பதற்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக மொத்தம் 300. சிபாரிசுப் பயம் போன இடத்தில் கோச்சிங் பயம் வந்து உட்கார்ந்தது. நகரத்துப் பிள்ளைகள் விடுமுறையில் பயிற்சி வகுப்புக்குப் போனார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அதற்குப் பணமும் இல்லை, பக்கத்தில் வகுப்பும் இல்லை. தேர்வை ஒழிக்க ஜெயலலிதா அரசு எடுத்த முயற்சிகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பிறகு கருணாநிதி அரசு அமைத்த அனந்தகிருஷ்ணன் குழுவின் அறிக்கையை ஒட்டிச் சட்டம் வந்து, 2007-இல் நுழைவுத் தேர்வு போயிற்று.

அதன்பின் பொறியியலில் எல்லாம் கட்-ஆஃப். கணிதம் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கு, ஆகக் கூடி 200. பாடத்துக்கு 200 மதிப்பெண் இருந்த நாளில் கணிதத்தில் 196, இயற்பியலில் 190, வேதியியலில் 187 வாங்கியவருக்கு 98, 47.5, 46.75 என்று 192.25 வரும். அன்று கணிதத்தில் ஒரு மதிப்பெண் நழுவினால் கட்-ஆஃபில் அரை போச்சு. மற்ற இரண்டில் என்றால் கால். அந்தக் காலுக்குள்ளேயே ஒரு கூட்டம் நிற்கும். கட்-ஆஃப் ஒன்றாக இருந்தால் கணிதம், இயற்பியல், நான்காவது பாடம், பிறந்த தேதி என்று வரிசையாகப் பார்த்தார்கள். அதுவும் சமமென்றால் பத்து இலக்க ரேண்டம் எண். எவ்வளவு படித்தும் மாற்ற முடியாத அந்த எண்ணையும் வீட்டில் எழுதி வைத்துக்கொண்டார்கள்.

ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு கிண்டியில் நேரில் நடந்த வரைக்கும், அஞ்சலில் போன விண்ணப்பத்தின் தலைவிதி அங்கேதான் தெரியும். மாணவருக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணம். தென் மாவட்டத்து அப்பாக்கள் சான்றிதழ் ஃபைலும், போன வருஷக் கட்-ஆஃப் எழுதிய நோட்டுமாகக் காலையில் வந்து இறங்குவார்கள். திரையில் கல்லூரிவாரியாகக் காலியிடங்கள் ஓடும். குறித்துவைத்த கல்லூரியில் மூன்று இடம் இருக்கும். தங்கள் முறை வருவதற்குள் அது சைபராகிவிடும். மகள் இ.சி.இ. என்பாள், அப்பா ஊருக்குப் பக்கத்துக் கல்லூரி என்பார். பேசி முடிக்க இருந்தது சில நிமிஷம்தான்.

2018-இல் கலந்தாய்வு ஆன்லைனுக்குப் போனது. அந்தச் சில நிமிஷப் பேச்சு இப்போது பல நாள் நீண்டது. விருப்பப் பட்டியலைக் கணினி மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிடும். ஆகவே கிடைக்காது என்று தோன்றும் கல்லூரியை மேலே போடுவதால் நஷ்டம் ஒன்றுமில்லை. கிடைத்தால் போதும் என்று சுமாரான கல்லூரியை உச்சியில் வைத்தவருக்குத்தான் நஷ்டம். பெயர் ஒத்த கல்லூரிகளின் எண்ணை மாற்றிப் போட்டுவிட்டோமா, குறியீட்டில் சி.எஸ். என்பதற்குப் பதில் சி.இ. வந்துவிட்டதா என்ற சந்தேகமெல்லாம் பட்டியலை 'லாக்' செய்த பிறகே கிளம்பும். அப்புறம் திருத்த வழியில்லை.

2022 முதல் இடம் கிடைத்தவருக்கும் இன்னொரு கேள்வி காத்திருக்கிறது. ஒப்புக்கொண்டு சேர்ந்துவிடலாம், அல்லது கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே இருப்பதற்காகக் காத்திருக்கலாம். யாராவது சேராமல் விட்டால் மேலே ஓர் இடம் காலியாகும். அது எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று தெரிகிறவரை வீட்டில் ஹாஸ்டலுக்கு முன்பணம் கட்ட மாட்டார்கள்.