காற்புள்ளிக் கிருமியைத் தேடிய ஆய்வகங்கள்

நோயுற்ற உடலிலிருந்து எடுக்கப்படும் மாதிரியில் ஒரே ஒரு வகை பாக்டீரியா மட்டும் இருப்பது அரிது. மனிதக் குடலிலோ நலமாக இருக்கும் காலத்திலேயே நூற்றுக்கணக்கான வகைகள் குடியிருப்பதால், அவற்றுள் நோயை உண்டாக்கியது எது என்று தனித்துக் காட்டுவதே நுண்ணுயிரியலின் முதற்பெரும் சிக்கலாக இருந்தது. காசநோய்க் கிருமி, தனக்கே உரிய சாய ஏற்பினால் பிற கிருமிகளிலிருந்து பிரித்தறியப்பட்டது. காலராவின் கிருமிக்கு அத்தகைய தனி முத்திரை எதுவும் கிடையாது. அதை அடையாளம் காட்ட ஆய்வகங்கள் வகுத்த ஒவ்வொரு சோதனையும் காலப்போக்கில் போதாமற்போனது. அவ்வாறு போதாமற்போன இடங்களில்தான் அந்நோயைப் பற்றிய அறிவும் முன்னேறியது.

தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் வாந்திபேதி என்று அஞ்சப்பட்ட இந்நோயில், அரிசி களைந்த கழுநீரைப் போன்ற வெளிறிய நீர் மலமாகக் கழிந்துகொண்டே இருக்கும். கடுமையாகத் தாக்கப்பட்டவர் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக்கூட நீரை இழப்பதுண்டு. கண்கள் குழிவிழுந்து, தோல் சுருங்கி, நாடி தளர்ந்து, சில மணி நேரத்திலேயே உயிர் பிரிந்துவிடும். மருத்துவம் செய்யப்படாத கடும் நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் இறந்துவிடுவர். இழந்த நீரையும் உப்பையும் உரிய நேரத்தில் ஈடுசெய்தால் இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும் என்பது இருபதாம் நூற்றாண்டின் அறிவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மருத்துவர்களில் பெரும்பாலோர், இந்நோய் அழுகிய பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றால் வருவதென்றே நம்பினர்.

1854-ஆம் ஆண்டில் லண்டனில் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் பிராட் தெருக் குழாயின் நீரோடு காலராவைத் தொடர்புபடுத்திக் காட்டினார். அதே ஆண்டில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் ஃபிலிப்போ பாச்சினி என்னும் உடற்கூறியலாளர், காலராவில் இறந்தோரின் குடற்சவ்வை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, வளைந்த சிற்றுயிர்கள் அதில் பெருந்திரளாக இருப்பதைக் கண்டு, அவற்றுக்கு விப்ரியோ என்று பெயரிட்டு எழுதினார். ஆயினும் மருத்துவ உலகம் அவர் எழுத்தைப் பொருட்படுத்தவில்லை. கண்ணால் கண்டதை உடலுக்கு வெளியே தனியாக வளர்த்துக்காட்டும் வழி அன்று இல்லாததால், அச்சிற்றுயிர்கள் நோயின் காரணமா, நோயின் விளைவாகப் பெருகியவையா என்னும் கேள்விக்கு அவர் விடை சொல்லியிருக்கவும் முடியாது.

அந்த வழியை அமைத்துக் கொடுத்தது ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக்கின் பெர்லின் ஆய்வகம். திரவத்தில் வளர்த்தால் பல வகைக் கிருமிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கெட்டியான பரப்பில் பரப்பினால் ஒவ்வொரு கிருமியும் விழுந்த இடத்திலேயே பெருகி, கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக, அதாவது ஒரே வகைக் கிருமிகளாலான காலனியாக, வளரும். இறைச்சிச் சாற்றை ஜெலட்டின் சேர்த்து உறையவைத்தே கோக் முதலில் இதைச் செய்தார். ஆனால் உடல்வெப்ப நிலையில் ஜெலட்டின் உருகிவிடும். இதற்குத் தீர்வு கண்டவர், கோக்கிடம் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேன்னி ஹெஸ்ஸே. சமையலில் பழம்பாகு உறையவைக்கத் தாம் பயன்படுத்திவந்த அகர்-அகரை, நம் நாட்டில் நோன்புக் காலச் சிற்றுண்டியாகப் பலர் அறிந்த அதே கடற்பாசியை, 1881-இல் அவர் பரிந்துரைத்தார். கொதிநிலைக்கு அருகில் உருகி, ஏறத்தாழ 40 டிகிரிக்குக் கீழே ஆறிய பின்பே உறையும் அப்பொருள், உடல்வெப்பத்தில் கெட்டியாகவே நிற்கும். இன்றும் உலகின் ஒவ்வொரு நுண்ணுயிரியல் ஆய்வகமும் சார்ந்திருக்கும் இந்தக் கண்டுபிடிப்புக்காக அந்த அம்மையாரின் பெயர் அக்கால ஆய்வுரைகளில் இடம்பெறாமற்போனது வருந்தத்தக்கது.

1883-இல் எகிப்தில் காலரா பரவியபோது ஜெர்மனியும் பிரான்சும் தனித்தனி ஆய்வுக் குழுக்களை அனுப்பின. பிரெஞ்சுக் குழுவில் வந்த லூயி துய்லியே என்னும் இளைஞர் அலெக்சாந்திரியாவில் அதே நோய்க்குப் பலியானார். அங்கே தொற்று தணிந்துவிடவே, கோக் தம் குழுவினருடன் டிசம்பரில் கல்கத்தா வந்து, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆய்வைத் தொடர்ந்தார். நோயாளிகளின் மலத்திலும் இறந்தோரின் குடலிலும் ஒரே வகைக் கிருமி மீண்டும் மீண்டும் காணப்பட்டது; ஜெலட்டின் பரப்பில் அது மெல்ல மெல்லச் சுற்றிலும் உருக்கிக் குழியாக்கியபடி வளர்ந்தது. 1884 ஜனவரியில் அதைத் தூய வளர்ப்பாகப் பிரித்துவிட்டதாக பெர்லினுக்கு அறிவித்த கோக், பிப்ரவரியில் எழுதிய அறிக்கையில் அது நேரான கோலாக இல்லாமல் காற்புள்ளியைப் போலச் சற்றே வளைந்திருப்பதை விவரித்தார். காலரா பரவியிருந்த ஒரு பகுதியின் குளத்து நீரிலும் அதே கிருமியைக் கண்டெடுத்தது, ஸ்னோ முப்பது ஆண்டுகளுக்கு முன் சொன்னதற்கு ஆய்வகம் தந்த சான்றாயிற்று.

எனினும் நிரூபணம் முழுமையடையவில்லை. ஒரு கிருமியே நோய்க்குக் காரணம் என்று நிறுவ, அதை நோயாளியிடமிருந்து பிரித்து வளர்த்து, விலங்கினுள் செலுத்தி அதே நோயை உண்டாக்கிக் காட்டவேண்டும் என்பது கோக்கின் பெயராலேயே வழங்கும் விதி. காலராக் கிருமியோ எந்த விலங்கிலும் காலராவை உண்டாக்க மறுத்தது. பிரிட்டிஷ் இந்திய ஆட்சியின் சார்பில் கல்கத்தாவுக்கு வந்த எமானுவேல் கிளைன் முதலியோர் கோக்கின் முடிவை ஏற்க மறுத்தனர். கிருமியே காரணம் என்று ஒப்புக்கொண்டால் இந்தியாவிலிருந்து செல்லும் கப்பல்களை நோய்த்தடுப்புக் காவலில் நிறுத்தவேண்டி வரும் என்னும் வணிகக் கவலை அந்த மறுப்பின் பின்னணியில் இருந்தது. மூனிக் நகரின் மாக்ஸ் பெட்டன்கோஃபர், 1892 அக்டோபரில், தம் 73-ஆம் வயதில், காலராக் கிருமியின் வளர்ப்பைத் தாமே குடித்து, இலேசான வயிற்றுப்போக்கோடு தப்பித்தார்; மண்ணின் தன்மை பக்குவமாக இல்லாமல் கிருமி மட்டும் நோய் தராது என்னும் தம் கொள்கைக்கு அதைச் சான்றாகக் கொண்டார். அதே ஆண்டின் கோடையில் ஹாம்பர்க் நகரில் 8,600-க்கும் மேற்பட்டோர் காலராவால் இறந்திருந்தனர்; அங்கே எல்பே ஆற்று நீர் வடிகட்டப்படாமல் குழாய்களில் வந்தது, ஒட்டியிருந்த அல்டோனாவிலோ மணல் வடிகட்டிகள் வழியாக வந்தது, அங்கே நோய் பெரிதும் குறைவாகவே இருந்தது. பெட்டன்கோஃபரின் துணிவைவிட அவ்விரு ஊர்களின் எல்லைக்கோடு வலிய சான்று என்பதில் ஐயமில்லை.

இதற்கிடையே வேறொரு தொல்லை எழுந்தது. வளைந்த வடிவமுள்ள கிருமிகள் ஆற்றிலும் குளத்திலும் ஏராளமாக உண்டு என்பது தெரியவரவே, வடிவத்தை மட்டும் நம்பி முடிவு சொல்ல முடியாதாயிற்று. பெப்டோன் என்னும் செரித்த புரதம் கலந்த நீரில் கிருமியை வளர்த்து அதில் அமிலம் சேர்த்தால் சிவப்பு நிறம் தோன்றும் ஒரு வினையும் கண்டறியப்பட்டது. அதையும் வேறு சில விப்ரியோக்கள் காட்டின. 1896-இல் வியன்னாவில் மாக்ஸ் குருபரும் ஹெர்பர்ட் டர்ஹாமும் விவரித்த திரட்சிச் சோதனையே உறுதியான தீர்வாகத் தோன்றியது. ஒரு விலங்கில் குறிப்பிட்ட கிருமியைச் செலுத்தினால் அதன் இரத்தச் சீரத்தில் அக்கிருமியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் உண்டாகும். அச்சீரத்தில் ஒரு துளியை அதே வகைக் கிருமியோடு கலந்தால் கிருமிகள் கட்டிகட்டியாகத் திரளும், வேறு வகையாயின் திரளா.

ஆனால் 1905-இல் சினாய் தீபகற்பத்தின் எல் டோர் என்னும் நோய்த்தடுப்புக் காவல் நிலையத்தில், மெக்காவிலிருந்து திரும்பும் வழியில் இறந்த பயணிகள் சிலரின் குடலிலிருந்து கோட்ஷ்லிஷ் என்பவர் பிரித்த விப்ரியோக்கள் காலராச் சீரத்தோடு திரண்டன; இறந்தவர்களுக்கோ காலரா அறிகுறி எதுவும் இருந்திருக்கவில்லை. அவை இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் இயல்பிலும் வழக்கமான காலராக் கிருமியிலிருந்து வேறுபட்டன. ஆகவே தீங்கற்ற ஒப்புருக்கள் என்று பலராலும் ஒதுக்கிவைக்கப்பட்டன. அந்த முடிவு எவ்வளவு பிழையானது என்பதை 1930-களின் இறுதியில் செலிபிஸ் தீவில் எழுந்த கொள்ளைநோய் உணர்த்தத் தொடங்கியது. அதே தீவிலிருந்து 1961-இல் புறப்பட்ட ஏழாவது உலகப் பெருந்தொற்று முற்றிலும் இந்த எல் டோர் வகையால் நேர்ந்தது. 1964-இல் இந்தியாவுக்குள் வந்த அது, சில ஆண்டுகளில் பழைய வகையை ஏறத்தாழ இடம்பெயர்த்துவிட்டது. பாலிமிக்சின் பி என்னும் நுண்ணுயிர்க்கொல்லிக்குப் பழைய வகை மடியும், எல் டோர் தாங்கும் என்பது இரண்டையும் பிரித்தறியும் சோதனைகளுள் ஒன்றாக வழக்கத்துக்கு வந்தது.

திரட்சிச் சோதனையைச் செம்மைப்படுத்தியதில் சென்னைக்குப் பங்குண்டு. கிண்டியிலுள்ள கிங் நிலையத்தைச் சேர்ந்த கே.வி. வெங்கட்ராமன், ஆக்ஸ்போர்டின் ஏ.டி. கார்ட்னருடன் இணைந்து 1935-இல் வெளியிட்ட ஆய்வில், விப்ரியோக்களின் புறச்சுவரில் அமைந்த வெப்பம் தாங்கும் ஆன்டிஜென்னை, அதாவது எதிர்ப்பொருளைத் தூண்டும் பகுதியை, அடிப்படையாகக் கொண்டு அவற்றைக் குழுக்களாகப் பிரித்தனர். கொள்ளைநோயை உண்டாக்குபவை அனைத்தும் ஓ1 என்னும் முதல் குழுவில் அடங்கின. மேலும் வெங்கட்ராமனும் சி.எஸ். ராமகிருஷ்ணனும் 1941-இல் தந்த கடத்தல் ஊடகம், தொலைவிலுள்ள கிராமத்தில் எடுத்த மலமாதிரியை ஆய்வகம் வரை கெடாமல் கொண்டுவர உதவியது. லிட்டருக்கு 20 கிராம் கடலுப்பும் 5 கிராம் பெப்டோனும் சேர்த்துக் காரத்தன்மை உயர்த்தப்பட்ட அந்நீரில் பிற குடற்கிருமிகள் ஒடுங்கிக்கிடக்க, காலராக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். குளிர்பெட்டியோ விரைவான போக்குவரத்தோ இல்லாத ஒரு நாட்டின் தேவையை உணர்ந்தோர் செய்த இந்த எளிய கலவை, அவ்விருவரின் பெயரின் முதலெழுத்துகளோடு பாடநூல்களில் இன்றும் நிற்கிறது.

கோக்கால் முடியாமற்போன விலங்குச் சோதனையைக் கல்கத்தாவின் சம்புநாத் டே 1950-களில் நிறைவேற்றினார். முன்னோர் பலர் கிருமியை இரத்தத்தில் செலுத்தியிருக்க, டே முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனையிலும் கட்டி அதனுள்ளேயே செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீரால் புடைத்திருந்தது. 1959-இல் நேச்சர் இதழில் வெளியான அவரது கட்டுரை, கிருமிகள் முற்றிலும் வடிகட்டி நீக்கப்பட்ட வளர்ப்பு நீரும் அதே விளைவைத் தருவதைக் காட்டியது. அதாவது கிருமி குடற்சுவரைத் துளைத்துச் செல்வதில்லை, மேற்பரப்பில் ஒட்டியிருந்து ஒரு நச்சைச் சுரக்கிறது. அந்த நச்சு குடற்செல்களைத் தூண்ட, அவை உப்பையும் நீரையும் இடைவிடாது வெளியே தள்ளுகின்றன. குடற்செல்கள் அழிவதில்லை என்பதால்தான் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை அவை உறிஞ்சிக்கொள்ள முடிகிறது. வாய்வழி நீரேற்றக் கரைசல் உயிர் காப்பதும் அதனாலேயே. இவ்வளவு பெரிய உண்மையைக் கண்டவர் தம் வாழ்நாளில் போதிய பெருமை பெறாமலே 1985-இல் மறைந்தார்.

1992 அக்டோபரில் சென்னையில் காலராவை ஒத்த நோய் பரவியது. வேலூரிலும் மதுரையிலும் அவ்வாறே நேர்ந்தது. நோயாளிகளின் மலத்தைப் பித்த உப்பும் சுக்ரோஸும் கலந்த தெரிவு ஊடகத்தில் பரப்பியபோது, காலராக் கிருமிக்கு உரிய மஞ்சள் நிறக் காலனிகள் வளர்ந்தன. நுண்ணோக்கியில் அதற்கே உரிய பாய்ந்தோடும் அசைவும் காணப்பட்டது. ஆனால் ஓ1 சீரத்தைக் கலந்தால் கிருமிகள் திரளவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக, ஓ1 அல்லாதவை கொள்ளைநோய் உண்டாக்கா என்பது எழுதப்பட்ட விதியாக இருந்ததால், அச்சோதனை முடிவை வைத்துக் காலரா இல்லை என்று அறிவித்துவிட்டு நகர்ந்திருக்க முடியும். படுக்கையில் கிடந்தோரின் நிலையையே நம்பி, கிருமியைத் தூக்கி எறியாமல் பாதுகாத்து மேலாய்வுக்கு அனுப்பிய நுண்ணுயிரியலாளர்களின் கவனம் போற்றத்தக்கது. அதுவரை அறியப்பட்டிருந்த 138 குழுக்களின் சீரங்களில் எதனோடும் அது திரளவில்லை என்று ஜப்பானில் உறுதிசெய்யப்பட்டு, 1993-இல் ஓ139 என்னும் புதிய எண் தரப்பட்டது. வங்கக் கடற்கரையோரம் தோன்றியதால் பெங்கால் என்னும் பெயரும் சேர்ந்தது. எல் டோர் வகையே தன் புறச்சுவர் ஆன்டிஜென்னுக்கான மரபணுக்களை மாற்றிக்கொண்டு உருவானது அது என்பது பின்னர் விளங்கியது. புறச்சுவர் மாறியதால் பழைய நோயெதிர்ப்பு பயன்படாமற்போக, காலரா அடிக்கடி வரும் ஊர்களில் வழக்கமாகக் குழந்தைகளையே மிகுதியாகப் பாதிக்கும் நோய், இம்முறை வளர்ந்தவர்களைப் பெரிதும் தாக்கியது.

ஓ139 வகை இன்று மிக அரிதாகிவிட்டது. வாய்வழிக் காலராத் தடுப்பு மருந்துகள் பலவற்றில் அதுவும் சேர்க்கப்பட்டு வந்தது; ஆய்வகங்களும் ஓ1, ஓ139 ஆகிய இரு சீரங்களையும் வைத்திருக்கின்றன. இரண்டோடும் திரளாத விப்ரியோ காலரே கிருமிகள் சிலருக்கு வயிற்றுப்போக்கையும், கல்லீரல் நோயுற்றோருக்கு இரத்தத் தொற்றையும் உண்டாக்குவதுண்டு என்பதால் அவையும் பதிவுசெய்யப்படுகின்றன. ஐயத்துக்குரிய மாதிரியில், சம்புநாத் டே கண்ட அந்த நச்சுக்கான மரபணு இருக்கிறதா என்று, மரபணுத் துண்டைப் பெருக்கிக் காணும் பிசிஆர் முறையில் தேடிப் பார்த்த பின்பே முடிவு எழுதப்படுகிறது.