6 மாசம் தண்ணீரில் மூழ்கும் அமேசான் காடு: தரையில் வாழும் வண்டுகள் எங்கே போகும்?

வெள்ளம் வந்தால் நாம் மேட்டுக்கோ, மாடிக்கோ போய்விடுவோம். தரையிலேயே ஓடித் திரியும் வண்டு என்ன செய்யும்? அதுவும் வெள்ளம் 5, 6 மாசம் வடியாமல் நின்றால்?

எங்கே இது நடக்கிறது?

பிரேசிலின் மனாவ்ஸ் நகரை ஒட்டி ஓடும் நீக்ரோ ஆற்றின் நீர்மட்டம், ஆண்டுதோறும் சராசரியாக 10 மீட்டர் ஏறி இறங்கும். கிட்டத்தட்ட மூன்று மாடி உயரம்! அப்போது கரையோரக் காடுகள் மூழ்கும்.

வண்டல் சுமந்து வரும் வெள்ளை நீர் ஆற்றால் மூழ்கும் காடு 'வார்சியா'. சத்து குறைந்த கருநீர் ஆற்றால் மூழ்குவது 'இகாப்போ'. வெள்ளமே எட்டாத மேட்டுக்காடு 'தெர்ரா ஃபிர்மே'.

தரை வண்டுகள் என்றால் என்ன?

உலகம் முழுக்க சுமார் 40,000 இனங்கள் கொண்ட பெரிய குடும்பம். பெரும்பாலானவை வேட்டைக்காரர்கள்; புழு, பூச்சிகளைப் பிடித்துத் தின்னும்.

வெள்ளத்தில் எப்படித் தப்பிக்கின்றன?

ஜெர்மன் ஆய்வாளர் யோவாகிம் ஆடிஸ் உள்ளிட்டோர் மனாவ்ஸ் பகுதியில் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தனர். தெரியவந்த வழிகள் இவை:

• தண்ணீர் ஏறும்போது அடிமரத்திலும் மர உச்சியிலும் ஏறிக்கொள்வது.

• நீர் விளிம்போடு நகர்ந்தோ பறந்தோ மேட்டுக்காட்டுப் பக்கம் போவது.

• மூழ்கிய மண்ணுக்குள்ளேயே கிடப்பது. தரை வண்டுகளின் நெருங்கிய உறவான ஒரு புலி வண்டின் புழு, ஆக்சிஜன் இல்லாத மண்ணில் 3 மாதங்களுக்கும் மேல் தாக்குப்பிடிக்கிறது.

வெள்ளக் காலத்தில் பல இனங்கள் இனப்பெருக்கத்தையே தள்ளிப்போடுகின்றன. தண்ணீர் வடிந்ததும் முட்டையிட்டு, அடுத்த வெள்ளத்துக்குள் குஞ்சுகள் வளர்ந்தாக வேண்டும். அதாவது, ஆறுதான் இவற்றின் காலண்டர்.

அப்போ மேட்டுக்காட்டில்தானே வண்டு அதிகம் இருக்கும்?

அப்படித்தான் தோன்றும். ஆனால் அமெரிக்காவின் ஸ்மித்சோனியனைச் சேர்ந்த டெர்ரி எர்வின், மனாவ்ஸ் அருகே மூன்று வகை வெள்ளக் காடுகளிலும் மேட்டுக்காட்டிலும் மர உச்சிக்குப் பூச்சிமருந்துப் புகை அடித்து, விழுந்த பூச்சிகளைச் சேகரித்தார். 1983-ல் வெளியான கணக்கு: எல்லா வகை வண்டுகளும் சேர்த்து 1,080 இனங்கள். இதில் 83 சதவீதம் ஒரே ஒரு வகைக் காட்டில் மட்டும் கிடைத்தவை. நான்கிலும் கிடைத்தவை 1 சதவீதம்தான்!

ஆக, ஒரு காட்டுக்கு இன்னொரு காடு மாற்று இல்லை. மேட்டுக்காட்டை மட்டும் காப்பாற்றினால், வெள்ளக் காட்டுக்கே உரிய இனங்கள் பட்டியலிலேயே வராமல் போய்விடும். வெள்ளக் காடுகள் புதிய இனங்கள் உருவாகும் இடமாகவும் இருக்கலாம் என்று எர்வினும் ஆடிஸும் வாதிட்டனர்.

கோஸ்டா ரிக்காவில் மர உச்சியில் வாழும் ஒரு தரை வண்டு இனத்துக்கு 'டைட்டானிக்' நாயகி கேட் வின்ஸ்லெட்டின் பெயரை வைத்தவரும் எர்வின்தான். படத்தில் அவர் கப்பலோடு மூழ்கவில்லை. காடெல்லாம் மேய்ச்சல் நிலமானால் இந்த வண்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்காது என்பது அவர் சொன்ன காரணம்.

இப்போது என்ன ஆபத்து?

வெள்ளம் வருவது ஆபத்து இல்லை. அதன் நேரமும் அளவும் மாறுவதுதான் ஆபத்து.

1980-களின் இறுதியில் உவாத்துமா ஆற்றில் பல்பினா அணை வந்தது. ஆற்றின் இயல்பான ஏற்ற இறக்கம் குலைந்து, அணைக்குக் கீழே தாழ்வான இகாப்போ பகுதிகள் காயவே இல்லை. வெள்ளத்துக்குப் பழகிய மரங்களே பட்டுப்போயின. மரம் போனால், வண்டுகள் ஏறித் தப்பிக்கும் ஏணியும் போச்சு.

மனாவ்ஸில் 2021-ல் நீர்மட்டம் 30 மீட்டரைத் தொட்டுப் புதிய உச்சம் கண்டது. 2023-ல் 13 மீட்டருக்கும் கீழே போய் வறட்சி சாதனை. 2024-ல் அதையும் முறியடித்தது. ஆற்றைப் பார்த்து முட்டையிடும் பூச்சிக்கு, காலண்டரின் தேதிகளே கலைந்துபோவது போலத்தான் இது.