பிலடெல்பியாவைத் தேர்ந்த ஆனந்திபாய்: அயல்நாட்டு மருத்துவக் கல்வியின் ஒரு முன்வரலாறு

1883 பிப்ரவரி 24 அன்று வங்காளத்தின் செராம்பூர்க் கல்லூரி மண்டபத்தில் பதினெட்டு வயது நிறையாத ஒரு மராத்தியப் பெண் ஆங்கிலத்தில் உரையாற்றினார். அவர் ஆனந்திபாய் ஜோஷி. தாம் ஏன் அமெரிக்கா செல்ல விழைகிறார் என்பதே பொருள். பிறர் தம்மிடம் எழுப்பிய கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து விடையளிப்பதாக அவ்வுரை அமைந்திருந்தது. அவற்றுள் ஒன்று, இந்தியாவிலேயே பயில வழியில்லையா என்பது.

வழி முற்றிலும் இல்லாமல் இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மேரி ஷார்லீப் உள்ளிட்ட நால்வர் அவ்வாண்டு அங்குச் சேர்ந்தனர். ஆனந்திபாய் இதனை அறிந்திருந்தார். தம் உரையில் சென்னையைக் குறிப்பிடவும் செய்தார். ஆயினும் அங்குப் பெண்களுக்குக் கிடைக்கும் பயிற்சி குறைபாடுடையது என்றும், கற்பிப்போர் மனத்தடையோடு கற்பிக்கின்றனர் என்றும் அவர் கருதினார். இக்கருத்தை மிகையென ஒதுக்கிவிட இயலாது. சென்னையில் பயின்று உரிமம் பெற்ற ஷார்லீபே பின்னர் லண்டன் சென்று மீண்டும் படித்து, 1882இல் அங்குப் பட்டம் பெற வேண்டியிருந்தது.

ஆனந்திபாயின் தேர்வைத் தனிமனிதத் துணிவின் கதையாகச் சொல்வதே வழக்கம். பதினான்கு வயதில் ஈன்ற மகவைப் பத்து நாட்களில் இழந்த துயரமும், அஞ்சல்துறை ஊழியரான கணவர் கோபால்ராவின் பிடிவாதமும் அக்கதையில் உரிய இடம் பெறுகின்றன. ஆனால், ஏன் பிலடெல்பியா என்னும் கேள்விக்குத் துணிவு மட்டும் விடையாகாது. அன்று உலகில் ஒரு பெண் மருத்துவம் பயிலக்கூடிய இடங்கள் மிகச் சிலவே. சூரிக் பல்கலைக்கழகம் 1867இல் ரஷ்யரான நதேழ்தா சுஸ்லோவாவுக்கு மருத்துவப் பட்டம் வழங்கியிருந்தது. எடின்பரோவில் 1869இல் சேர்ந்த பெண்கள் பட்டமின்றியே வெளியேற நேர்ந்தது. அவர்களுள் ஒருவரான சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கின் முயற்சியால் 1874இல் லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளி தோன்றியது. மாணவியர் நோயாளிகளைக் கண்டு பயில ஒரு மருத்துவமனை கிடைக்க, அப்பள்ளி 1877 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிலடெல்பியாவின் நிலை வேறு. 1850இல் நிறுவப்பட்ட பென்சில்வேனியப் பெண்கள் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து 1861 முதல் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை இயங்கியது. நோயாளியின் படுக்கையருகே நிற்க இடமில்லாத மருத்துவப் படிப்பு ஏட்டுப்படிப்பாகவே முடியும் என்பதை அக்கல்லூரியினர் நன்கு உணர்ந்திருந்தனர். மருத்துவத் தம்பதியர் ஒருவர் இக்கல்லூரிக்கு விண்ணப்பிக்குமாறு ஆனந்திபாய்க்குப் பரிந்துரைத்தனர்.

மற்றொரு காரணம் கல்லூரிக்கு வெளியே இருந்தது. மனைவியின் கல்விக்கு உதவி வேண்டி 1878இல் கோபால்ராவ் அமெரிக்க மறைப்பணியாளர் ஒருவருக்கு எழுதினார். கிறித்தவத்தைத் தழுவினால் உதவி கிட்டும் என்னும் பொருள்பட மறுமொழி வந்தது. தம்பதியர் அதனை ஏற்கவில்லை. அக்கடிதப் போக்குவரத்து ஓர் இதழில் அச்சாயிற்று. நியூஜெர்சியின் ரோசெல் நகரில் வாழ்ந்த தியோடிசியா கார்ப்பென்டர், பல் மருத்துவரிடம் காத்திருந்த வேளையில் அதனைப் படித்தார். மதமாற்ற நிபந்தனை ஏதுமின்றித் தம் வீட்டில் இடமளிக்க அவர் முன்வந்தார். ஆனந்திபாய் அவரை அத்தை என்றே அழைத்தார். இந்துவாகச் சென்று இந்துவாகவே திரும்புவேன் என்று செராம்பூரில் உறுதிகூற முடிந்ததற்கு இந்த வீடும் ஒரு காரணம்.

1886 மார்ச் 11 அன்று அவர் பட்டம் பெற்றார். இந்துக்களிடையே நிலவிய மகப்பேற்று மருத்துவமே அவரது ஆய்வுரையின் பொருள். அப்பட்டம் இந்தியாவில் செல்லுமா என்னும் கேள்வி பெரிதாக எழவில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. பிரிட்டனில் 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருத்துவர் பதிவேடு ஒன்று இருந்தது. இந்தியாவிலோ பம்பாய் மருத்துவச் சட்டம் 1912இலும், சென்னை மருத்துவச் சட்டம் 1914இலுமே வந்தன. பதிவேடு இல்லாத நாட்டில் வேலை தருபவரின் ஒப்புதலே அங்கீகாரம். கோலாப்பூர் சமஸ்தானம் அவரை ஆல்பர்ட் எட்வர்ட் மருத்துவமனையின் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாளராக அமர்த்தியது.

அடுத்து வந்தவர்களுக்குக் கணக்கு மாறிற்று. 1885இல் டஃபரின் நிதியம் தொடங்கப்பட்டபின், பெண்கள் மருத்துவமனைகளின் உயர்பதவிகள் பெரிதும் பிரிட்டானியத் தகுதி உடையோரை நோக்கியே சென்றன. கல்கத்தாவில் பயின்று தொழில் செய்துவந்த காதம்பினி கங்குலி, 1893இல் கடல்கடந்து சென்று ஸ்காட்லாந்தின் மருத்துவ உரிமங்களைப் பெற்றுத் திரும்பினார். லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் பயின்ற ருக்மாபாயும் ஸ்காட்லாந்தின் உரிமத்தைப் பெற்றார். 1894இல் பிரசெல்ஸில் முனைவர்நிலைப் பட்டமும் பெற்றார். படித்த இடம் ஒன்று, தேர்வெழுதிய இடம் வேறொன்று. எங்கே கற்கலாம் என்பதைவிட எந்தப் பட்டம் எங்கே செல்லும் என்பதே தேர்வை வழிநடத்தத் தொடங்கியது.

அயல்நாட்டுக் கல்லூரியின் கதவைத் தாய்நாட்டு அரசே அடைத்துவிட முடியும் என்பதை ரஷ்யா அதற்கு முன்னரே காட்டியிருந்தது. சூரிக்கில் பயின்ற ரஷ்யப் பெண்கள் 1874 தொடக்கத்திற்குள் அங்கிருந்து விலகாவிட்டால், ரஷ்யாவில் தேர்வெழுதவோ பணியாற்றவோ இயலாது என 1873இல் அரசாணை பிறந்தது. கற்பித்த பல்கலைக்கழகத்தின் தரம் குறையவில்லை. பட்டத்தின் மதிப்பைத் தீர்மானித்தது வேறோர் அதிகாரம்.

அந்த அதிகாரத்தை இந்தியாவும் பட்டுணர்ந்தது. 1930இல் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் இந்தியப் பல்கலைக்கழகங்களின் மருத்துவப் பட்டங்களுக்கு அளித்துவந்த அங்கீகாரத்தை நிறுத்தியது. 1933ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மன்றச் சட்டம் அந்நெருக்கடியின் விளைவு. பிறருடைய பதிவேட்டில் இடம் தேடிய நாடு, காலப்போக்கில் தானே பிறரை அளக்கும் நாடாயிற்று. 2002இல் அயல்நாட்டுப் பட்டதாரிகளுக்கான தகுதித்தேர்வு வந்தது. 2021ஆம் ஆண்டின் விதிகள் 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி, ஆங்கிலவழிக் கல்வி, பயின்ற நாட்டிலேயே தொழில் புரியும் தகுதி ஆகியவற்றைக் கட்டாயமாக்கின. அடுத்த ஆண்டே போர் காரணமாக உக்ரைனிலிருந்து ஆயிரக்கணக்கான இந்திய மாணவர் பாதிப்படிப்போடு திரும்பினர். அவர்களை இந்தியக் கல்லூரிகளில் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

ஆனந்திபாயின் பட்டம் ஏற்கப்பட்டது. அவருடைய உடல் தாங்கவில்லை. பிலடெல்பியாவின் குளிரும் ஒவ்வாத உணவும் அவரை நலிவித்தன. காசநோயோடு திரும்பியவர், கோலாப்பூர்ப் பணியை ஏற்காமலேயே 1887 பிப்ரவரி 26 அன்று புனேயில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 21.

செராம்பூரில் எழுந்த அந்தக் கேள்விக்கு அவர் நேர்மையாக விடையளித்தார். ஆனால் இந்தியாவில் பயில ஏன் வழியில்லை என்பது அவர் விடையளிக்க வேண்டிய கேள்வியன்று. கல்லூரிகளைக் கட்டும் பொறுப்பும், அவற்றின் கதவுகளைத் திறக்கும் அதிகாரமும் உடையவர்களிடம் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இன்றும் அயல்நாடு புறப்படும் மாணவரிடமே அது கேட்கப்படுகிறது.